வாசகர் கேட்டவை: அழிப்பதா, துடைப்பதா, அடிப்பதா?

பாளையங்கோட்டை வாசகி: நாலாம் வகுப்புப் படிக்கும் என் மகன் ‘சிலேட்டை அழி’, ‘போர்டை அழி’, ‘தப்பா எழுதுனதை அழி’ என்று எல்லாவற்றுக்கும் ஒரே சொல்லைப் போடுகிறான். சரியா?

மூன்றாவது சரி. முதல் இரண்டும் பேச்சில் ஓடும், எழுத்தில் இடறும். அழிவது எழுத்து, பலகையை நாம் துடைக்கிறோம். வாசலில் போட்ட கோலம் ஆள் நடந்து கலையும். மறுநாள் காலை தண்ணீர் தெளித்துப் பெருக்கும்போதுதான் அதை அழிக்கிறோம். ரேஷன் கார்டில் பெயரை நீக்குவார்கள். பேனாவில் எழுதியதன் மேல் கோடு இழுத்தால் அது அடிப்பது, ஏனென்றால் எழுத்து அடியில் அப்படியே கிடக்கிறது. பனையோலையில் எழுத்தாணியால் கீறியவர்களுக்கு அடிப்பதைத் தவிர வேறு வழியும் இல்லை.

பையன் பரீட்சையில் மதிப்பெண் இழக்கும் இடம் வேறு. ‘எழுத்து அழித்துவிட்டது’ என்று எழுதுவான். ‘அழிந்தது’ தன்வினை, ‘அழித்தான்’ பிறவினை. பெயர்ச்சொல்லிலும் அப்படியே: தானாக நேர்ந்தால் அழிவு, ஒருவர் செய்தால் அழிப்பு. ‘குளம் அழிந்தது’ என்று செய்தி எழுதினால் மண்ணைக் கொட்டி மூடியவர் நழுவிவிடுகிறார்.

அம்பாசமுத்திரம் வாசகர்: ‘கல்யாணத்துக்கு ரூவாயை அழிச்சிட்டான்’ என்கிறோமே, இது கொச்சையா?

கொச்சை இல்லை, பழைய வழக்கு. ‘அழிவதூஉம் ஆவதூஉம் ஆகி’ என்று தொடங்கும் 461-ஆம் குறளில் அழிவது என்றால் ஒரு காரியத்துக்காகச் செலவாகிப்போவதுதான். இன்றைய பேச்சில் வீண்செலவு என்ற கசப்பு அதில் கூடுதலாக ஏறியிருக்கிறது. பிள்ளைகளின் ‘அழிச்சாட்டியம்’ இதோடு சேராது. அது வம்பும் பிடிவாதமும்.

வள்ளியூர் வாசகர்: பென்சில் பெட்டிக்குள் வெள்ளை லப்பர் ஸ்கேலோடு ஒட்டி, ஸ்கேலே குழைந்துபோகிறது. அழித்தால் கறுப்பாகவும் இழுக்கிறது. மட்டமான சரக்கா?

விலை உயர்ந்ததும் ஒட்டும். இப்போது கடையில் கிடைக்கும் வெள்ளை லப்பர்களில் பெரும்பாலானவை ரப்பரே இல்லை. பிவிசி பிளாஸ்டிக்கை எண்ணெய் போன்ற ஒரு பொருள் சேர்த்து மெத்தென்று ஆக்கியவை. அந்தப் பொருள் மெல்லக் கசிந்து பக்கத்துப் பிளாஸ்டிக்கை இளக்குகிறது, வெயில் காலத்தில் இன்னும் வேகமாக. லப்பரைச் சுற்றி வரும் அட்டை உறை இதைத் தடுக்கத்தான். பிள்ளைகள் முதல் நாளே அதைக் கிழித்துப் போடுவார்கள். ஒரு துண்டுக் காகிதத்தைச் சுற்றிக் கொடுங்கள்.

கறுப்பாக இழுப்பதற்குக் காரணம் லப்பரின் முகத்தில் ஏற்கெனவே அப்பியிருக்கும் பென்சில் கரி. முதலில் வேண்டாத தாளில் நாலு தேய்ப்பு தேய்த்து முகம் வெளுத்த பிறகு நோட்டில் வையுங்கள். ஒரே திசையில், அழுத்தாமல் தேய்க்க வேண்டும். துகளைக் கையால் வழித்தால் வியர்வையில் கரி தீற்றும். ஊதித் தள்ளுவதே நல்லது. பென்சில் முனையில் வரும் சிவப்பு லப்பர் நாளானால் இறுகி வழுக்கும். பிளேடால் மேல்தோலை மெல்லச் சீவினால் மறுபடி பிடிக்கும். 2எச் என்ற கடினமுனைப் பென்சிலால் அழுத்தி எழுதியிருந்தால் கரி போகும், தாளில் பதிந்த பள்ளம் போகாது.

பேனா மை தாளின் நாருக்குள் ஊறிவிடுவதால், பேனா எழுத்துக்கென்று வரும் நீலமுனை லப்பர் தாளைத்தான் சுரண்டி எடுக்கிறது. ரப்பர் பென்சில் எழுத்தை அழிக்கும் என்று ஜோசப் பிரீஸ்ட்லி எழுதியது 1770-இல். அதுவரை அந்த வேலையைச் செய்தது ரொட்டித் துண்டு.

தென்காசி வாசகர்: கிரையப் பத்திரத்தில் ஒரு சர்வே எண் தப்பு. வெள்ளை மை பூசித் திருத்தலாமா?

வேண்டாம். பூசினால் அடியில் என்ன இருந்தது என்று தெரியாது. சந்தேகம் அங்கேதான் முளைக்கும். 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம், பிரிவு 20-இன்படி, அடித்தல் திருத்தல் உள்ள இடங்களில் எழுதிக்கொடுப்பவரின் கையெழுத்தோ சுருக்கொப்பமோ இல்லையென்றால், சார்பதிவாளர் பத்திரத்தை ஏற்க மறுக்கலாம். பழைய எண் வாசிக்கத் தெரியும்படி ஒற்றைக் கோடு போட்டு, மேலே சரியான எண்ணை எழுதி, பக்கத்திலேயே ஒப்பமிடுங்கள். எந்தப் பக்கம், எந்த வரி என்று கடைசியில் குறித்துவைப்பதும் நல்லது. பதிவு முடிந்துவிட்டால் பேனாவைத் தொடவே கூடாது; பிழைதிருத்தல் பத்திரம் தனியாக எழுதிப் பதிய வேண்டும். காசோலையில் தொகையோ பெயரோ பிழையானால் ஒப்பமும் உதவாது. வேறு தாள் எழுதுங்கள்.

களக்காடு வாசகி: எங்கள் பழைய வீட்டுத் திண்ணையின் மரக்கம்பிகளை ஆச்சி ‘அழி’ என்பார்கள். அதுவும் இந்தச் சொல்தானா?

ஒலி ஒன்று, சொல் வேறு. அந்த ‘அழி’ பெயர்ச்சொல், கிராதி என்று பொருள். கம்பி வைத்த கதவு அழிக்கதவு. மலையாளத்திலும் இதே சொல் உண்டு. நாம் ‘கம்பி எண்ணுகிறான்’ என்று சொல்லும் ஆளை அங்கே ‘அழி எண்ணுகிறான்’ என்பார்கள்.