பிளாக் குடும்பத்துக்கு எந்தக் கட்டம்?

அன்புள்ள சார்,

12 வருடமாகக் கிளாஸ்கோவில் இருக்கிறேன். சொந்த ஊர் கும்பகோணம். கணவர் ஸ்காட்லாந்துக்காரர், குடும்பப் பெயர் பிளாக். அக்டோபரில் நாத்தனாருக்குக் கல்யாணம். 16 வயது மகனுக்கு முதல்முறையாகச் சொந்தமாக ஒரு கில்ட் (இங்கே ஆண்கள் விசேஷத்துக்குக் கட்டும் கட்டம் போட்ட பாவாடை) தைக்கலாம் என்று கடைக்குப் போனோம். 'எந்தக் கிளான்?', அதாவது எந்தக் குலம் என்று கேட்டார்கள். கிளானுக்கு ஒரு கட்டமாம். அங்கேதான் வம்பு ஆரம்பித்தது.

லமாண்ட், மெக்ரெகர், மெக்லீன் என்று மூன்று கிளான்களின் பட்டியலிலும் பிளாக் என்ற பெயர் இருக்கிறதாம். மாமனார், 'நாம் மெக்ரெகர்கள், அந்தப் பெயருக்குத் தடை வந்ததால் பிளாக் ஆனோம்' என்கிறார். பெரிய மாமனார் எச்சில் துப்பி அனுப்பும் மரபணுச் சோதனை செய்து பார்த்தார், அதில் கிளான் எதுவும் வரவில்லை. நான் சும்மா இருக்காமல் அரசுப் பதிவுகளைத் தேடினேன். கணவரின் கொள்ளுத்தாத்தா 1889-ல் கிரீனக்கில் பிறந்திருக்கிறார். பதிவில் அப்பா பெயரே இல்லை. அம்மா பெயரும், வீட்டு வேலை செய்பவர் என்ற குறிப்பும் மட்டும்தான். பிளாக் என்பது அந்த அம்மாவின் பெயர். இதை மாமனாரிடம் இன்னும் சொல்லவில்லை.

தெரியாத வம்சத்துக்கு நாமே ஒரு கிளானைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாமா? எனக்கு இது சாதியை மாற்றிச் சொல்வது போல உறுத்துகிறது.

பி.கு.: நான் பட்டுப்புடவைதான் கட்டப் போகிறேன். அதன்மேல் டார்டன் சாஷ், அதாவது அந்தக் கட்டம் போட்ட துணியில் தோளின் குறுக்கே போடும் பட்டை, போடலாமா?

(பெயர் வேண்டாம்)

*

அன்புள்ள வாசகிக்கு,

கடிதத்தைப் படித்ததும் எனக்கு என் கதைதான் ஞாபகம் வந்தது. கிளாஸ்கோவில் நாலு வருடம் இருந்தபோது நண்பன் கல்யாணத்துக்கு வாடகைக் கில்ட் எடுக்கப் போனேன். கடைக்காரர் குடும்பப் பெயர் கேட்டார். எனக்கு ஏது குடும்பப் பெயர், இனிஷியல்தான் இருக்கிறது, அதுவும் அப்பா பெயர், என் பிள்ளைக்கு என் பெயர் இனிஷியலாகப் போகும் என்று விளக்கினேன். அவர் சிரித்துவிட்டு, 'ஹைலேண்ட்ஸ் மலைநாட்டில் எங்கள் ஆட்களும் அப்படித்தான் இருந்தார்கள்' என்றார். உண்மைதான். மெக் என்றால் மகன், அவ்வளவுதான். டொனால்டின் மகன் மெக்டொனால்ட் என்றால் அவன் மகனுக்கு வேறு மெக். அந்தப் பெயர்கள் பல இடங்களில் 17, 18-ஆம் நூற்றாண்டு வரைகூட நிலையாக உட்காரவில்லை. கடைசியில் கறுப்பும் பச்சையும் நீலமுமான பிளாக் வாட்ச் டார்டனை எடுத்துக் கொடுத்தார். அது ஒரு ராணுவப் படைப்பிரிவின் கட்டம், யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். நம் ஊரில் குலதெய்வம் தெரியாதவர்களைத் திருச்செந்தூர் முருகனையோ திருப்பதி பெருமாளையோ கும்பிட்டுக்கொள்ளச் சொல்வார்களே, அந்த மாதிரி.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். முதலில் அந்தச் சாதி உறுத்தலை எடுத்துவிடுங்கள். கிளான் என்பதைத் தமிழில் குலம் என்று எழுதி எழுதி நாமே குழப்பிக்கொண்டோம். மலைநாட்டுக்காரர்களின் கேலிக் மொழியில் 'கிளான்' என்றால் பிள்ளைகள். நம் 'மக்கள்' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள், பெற்ற பிள்ளையும் மக்கள்தான், ஊரில் இருப்பவர்களும் மக்கள்தான். கிளானும் அப்படித்தான். தலைவரின் ரத்த உறவுகள் நடுவில், சுற்றிலும் அவர் நிலத்தில் குடியிருந்தவர்கள், அவரிடம் அடைக்கலம் வந்தவர்கள், அவருக்காக வாள் தூக்கியவர்கள். நிலம் கைமாறினால் குடியானவன் புதுத் தலைவரின் பெயரை வைத்துக்கொள்வது சாதாரணம். 'மாவு மூட்டை ஃப்ரேசர்கள்' என்று ஒரு கேலிப்பேச்சு உண்டு, ஓட்ஸ் மாவு வாங்கிக்கொண்டு ஃப்ரேசர் என்று பெயர் வைத்துக்கொண்டவர்களாம். பெயருக்கு ஒரு மூட்டை மாவு விலை என்று சிரித்துக்கொண்டே சொல்கிற ஊரில் சாதிக்கணக்கெல்லாம் பொருந்தாது.

இன்றைக்கும் நடைமுறை ஏறக்குறைய அதுதான். ஸ்காட்லாந்தில் சின்னங்கள், கொடிகள், தலைமைப் பட்டங்கள் எல்லாவற்றுக்கும் சட்டப்படி அதிகாரி லார்ட் லயன். தலைவரின் குடும்பப் பெயரைக் கொண்டவர்களும், தலைவருக்கு விசுவாசமாக இருக்கிறேன் என்று முன்வந்து அவர் மறுக்காமல் ஏற்றுக்கொண்டவர்களும் அந்தக் கிளான்காரர்கள் என்பதுதான் அங்கே வழக்கம். டார்டன் உடுத்த யாரிடமும் அனுமதி வாங்க வேண்டாம். அரச குடும்பத்துக்கென்று ஒதுக்கிய பால்மோரல் மாதிரி ஒன்றிரண்டை மட்டும் மரியாதைக்கு விட்டுவிடுவார்கள்.

அப்புறம் அந்தக் கட்டங்கள். இந்தக் கிளானுக்கு இந்தக் கட்டம் என்பதைக் கல்வெட்டு மாதிரி நம்புகிறோம், ஆனால் அதில் பெரும்பகுதி 200 வருடத்துக் கதை. 1746-ல் அரசை எதிர்த்த மலைநாட்டுப் படை கலோடன் போரில் தோற்றதும் லண்டன் அரசு மலைநாட்டு ஆண்கள் கில்ட் கட்டுவதைச் சட்டம் போட்டுத் தடுத்தது. முதல் தடவை பிடிபட்டால் ஆறு மாதம் சிறை, இரண்டாம் தடவை ஏழு வருடம் கடல் தாண்டி நாடு கடத்தல். ராணுவத்தில் சேர்ந்தவனுக்கு மட்டும் விலக்கு. 1782-ல் தடையை எடுத்தபோது ஒரு தலைமுறைக்கு மேல் போய்விட்டது. 1815-ல் லண்டனில் இருந்த ஹைலேண்ட் சொசைட்டி 'உங்கள் டார்டனை அனுப்புங்கள்' என்று கிளான் தலைவர்களுக்கு எழுதியது. தன் டார்டன் எது என்று தெரியாமல் முழித்த தலைவர்களும் இருந்தார்கள். இதற்கிடையில் பானக்பர்னில் வில்சன் என்ற நெசவுக் கம்பெனி ராணுவத்துக்குத் துணி நெய்து நெய்து பெரிய ஆளாகிவிட்டது. அவர்களுடைய 1819-ஆம் வருட மாதிரிப் புத்தகம் இன்னும் இருக்கிறது. முதலில் வெறும் நம்பரோடு விற்ற சில கட்டங்களுக்குப் பிற்பாடுதான் கிளான் பெயர் ஒட்டிக்கொண்டது. 1822 ஆகஸ்டில் நாலாம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோவுக்கு வந்தார், நாவலாசிரியர் வால்டர் ஸ்காட்தான் விழாவுக்குப் பொறுப்பு, எல்லாரும் அவரவர் டார்டனில் வர வேண்டும் என்று சொல்லிவிட்டார். வில்சன் தறிகளுக்கு அப்போது எப்படி ஓட்டம் இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள், தீபாவளிக்கு முந்தின வாரத் திருப்பூர்தான். மன்னரே கில்ட் கட்டி, உள்ளே ரோஸ் நிறத்தில் இறுக்கமான காலுறை போட்டுக்கொண்டு நின்றார். 1842-ல், மன்னர் வம்சம் என்று சொல்லித் திரிந்த இரண்டு சகோதரர்கள், பழைய சுவடி கிடைத்தது என்று ஒரு டார்டன் புத்தகமே போட்டார்கள். சுவடியும் பொய், வம்சமும் பொய். அதிலிருந்து வந்த கட்டங்களை இன்றும் ஜனங்கள் பெருமையாகக் கட்டுகிறார்கள். கட்டட்டும், 180 வருடம் கட்டினால் பொய்யும் வழக்கமாகிவிடும்.

உங்கள் கடைக்காரர் காட்டிய செப்ட் பட்டியலும் பெரும்பாலும் அந்த 19-ஆம் நூற்றாண்டுச் சரக்குதான். செப்ட் என்றால் கிளானோடு ஒட்டிய சின்னக் குடும்பப் பெயர்கள். உண்மையான தொடர்பு உள்ளவையும் அதில் உண்டு, வாடிக்கையாளர் யாரும் வெறுங்கையோடு போய்விடக் கூடாது என்று சேர்த்தவையும் உண்டு. பிளாக் என்றால் கறுப்பு. முடி கறுப்பாக இருந்தவனுக்கெல்லாம் அந்தப் பெயர் வந்திருக்கிறது. 'கறுத்த பையனின் மகன்' என்று பொருள்படும் கேலிக் பெயரை ஆங்கிலத்தில் சுருக்கியபோதும் பிளாக் ஆனது. நம் ஊரில் கருப்பையாக்கள் எல்லாரும் ஒரே வீட்டுப் பிள்ளைகளா என்ன? தாழ்நிலப் பகுதியில் எந்தக் கிளானிலும் சேராத பிளாக்குகளும் எத்தனையோ பேர்.

உங்கள் மாமனார் சொல்லும் தடை பொய்யில்லை. 1603-ல் மெக்ரெகர் என்ற பெயரையே ஒழித்தார்கள். அந்தப் பெயரோடு நடமாடினால் உயிருக்கு ஆபத்து, ஆளாளுக்கு கேம்பல், மர்ரே, டிரம்மண்ட் என்று கிடைத்த பெயருக்குள் ஒளிந்துகொண்டார்கள். பேர்பெற்ற மெக்ரெகரான ராப் ராயே கேம்பல் என்று கையெழுத்துப் போட்டவர்தான். நடுவில் கொஞ்ச காலம் விட்டுப்பிடித்து, 1774-ல்தான் தடை முழுசாகப் போனது. ஆனால் இந்தக் கதையின் அழகில் ஒரு கஷ்டம் இருக்கிறது. ஒளிந்த பெயர் என்றால் ஆதாரம் இருக்காது, ஆதாரம் இல்லாததே ஆதாரம் ஆகிவிடும். குடும்பத்தில் காகிதம் இல்லாத இடத்திலெல்லாம் மெக்ரெகர் வந்து உட்கார்ந்துகொள்வார்.

இப்போது 1889. உங்கள் கடிதத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது அந்தக் காலி இடம்தான். அப்பா பெயர் இல்லை என்றால் கதை முடிந்தது என்று நினைக்காதீர்கள், ஸ்காட்லாந்துப் பதிவுகள் ரொம்பக் கெட்டிக்காரப் பதிவுகள். அந்தப் பிறப்புப் பதிவின் ஓரத்தில் சின்னதாக ஏதாவது குறிப்பு இருக்கிறதா என்று மறுபடி பாருங்கள். அந்த அம்மா கோர்ட்டுக்குப் போய், இன்னார்தான் அப்பா என்று தீர்ப்பு வாங்கியிருந்தால், திருத்தப் பதிவேட்டில் அது தனியாக ஏறியிருக்கும். சர்ச் சபைக் குறிப்புகளையும் பாருங்கள். கல்யாணம் ஆகாமல் பிள்ளை பெற்ற பெண்ணைச் சபை மூப்பர்கள் கூப்பிட்டு உட்காரவைத்து யார் என்று கேட்டு எழுதிவைத்த கொடுமை அங்கே நெடுங்காலம் நடந்திருக்கிறது. கொடுமைதான், ஆனால் எழுதிவைத்தார்கள்.

அதைவிட முக்கியம், அந்த அம்மாவின் இறப்புப் பதிவைத் தேடுங்கள். 1855-லிருந்து அங்கே இறப்புப் பதிவில் செத்தவரின் அப்பா பெயர், அம்மா பெயர், அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயர் வரைக்கும் எழுதுகிறார்கள். கல்யாணமான பெண்ணின் பிறந்த வீட்டுப் பெயரும் பதிவுகளில் தொலைவதில்லை. 1891 மக்கள்தொகைக் கணக்கில் அவர் எந்த ஊரில் பிறந்தவர் என்றும் இருக்கும். வேலைக்காரியாகக் கிரீனக்குக்கு வந்தவர் எங்கிருந்து வந்தார்? கிரீனக் துறைமுக ஊர், சர்க்கரை ஆலை, கப்பல் கட்டும் தளம் என்று வேலை இருந்ததால் மலைநாட்டிலிருந்தும் அயர்லாந்திலிருந்தும் ஆட்கள் வந்து நிறைந்த ஊர். அவர் எதிர்க்கரையில் இருக்கும் கோவல் பக்கத்திலிருந்து வந்திருந்தால், அது லமாண்ட்களின் பூமி. 1646-ல் கேம்பல்கள் அவர்கள் கோட்டையை முற்றுகையிட்டு, உயிருக்கு உத்தரவாதம் கொடுத்துச் சரணடையவைத்து, அதே கோவலில் இருக்கும் டனூனுக்குக் கொண்டுபோய் நூற்றுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றார்கள். தப்பியவர்கள் பிளாக், பிரவுன், ஒயிட் என்று பெயர் மாற்றிக்கொண்டார்கள் என்பது அந்தப் பக்கத்து வழக்குக் கதை. டனூனில் 1906-ல் வைத்த நினைவுக்கல் இருக்கிறது, கிரீனக் பக்கத்தில் இருக்கும் கூராக்கிலிருந்து படகில் போய்ப் பார்த்துவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம்.

மரபணுச் சோதனையைப் பொறுத்தவரை, பெரிய மாமனார் செய்தது கலவையைச் சொல்லும் சோதனை. அதில் கிளான் வராது. அப்பா வழியாக மட்டும் இறங்கும் ஒய் குரோமோசோமைப் பார்க்கும் சோதனை வேறு. அதைச் செய்தால் ஒருவேளை வேறொரு குடும்பப் பெயரின் ஆட்களோடு பொருந்தலாம். ஆனால் அது யாருடைய பெயர்? பதிவில் வராத அந்த மனிதருடையது. அவர் கடலில் போய்ச் சேர்ந்தாரோ, கைவிட்டு ஓடினாரோ, எனக்கென்ன தெரியும். ஆனால் பெயர் கொடுத்தவர், வீட்டு வேலை செய்து பிள்ளையை வளர்த்தவர் அந்த அம்மா. என்னைக் கேட்டால் உங்கள் மகன் கட்ட வேண்டியது அந்த அம்மா பக்கத்துக் கட்டத்தைத்தான். அம்மா வழிக் கிளானை உடுத்துவது அங்கே புதுசும் இல்லை.

அவர் கோவல் பக்கம் என்று தெரிந்தால் லமாண்ட் எடுங்கள். வேறெங்கோ என்றால் அந்த ஊருக்கு வட்டார டார்டன் இருக்கிறதா பாருங்கள், கேலோவே, லோகாபர் என்று நிறைய உண்டு, அதற்குக் கிளானே வேண்டாம். ஒன்றுமே கிடைக்காவிட்டால் பையன் கண்ணுக்குப் பிடித்ததை எடுங்கள். யாராவது கேட்டால் 'தேர்ந்தெடுத்தோம்' என்று சொல்லச் சொல்லுங்கள். 'நாங்கள் லமாண்ட் வம்சம்' என்று மட்டும் சொல்ல வேண்டாம். ஏமாற்று அந்த இடத்தில்தான் ஆரம்பிக்கிறது. தொப்பியில் கிளான் சின்னம் குத்துவதாக இருந்தால் வார், பக்கிள் சுற்றிய வடிவத்தை வாங்குங்கள். நடுவில் இருப்பது தலைவரின் சொந்தச் சின்னம், வாரும் பக்கிளும் சுற்றியிருந்தால் 'நான் அவர் ஆள்' என்று அர்த்தம். மோதிரத்தில், லெட்டர்ஹெட்டில் எல்லாம் அதைப் போட்டுவிடாதீர்கள்.

மாமனாரிடம் எப்போது சொல்வது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். கல்யாணத்துக்கு முன்னால் சொல்லிவிடுங்கள், அதையும் உங்கள் கணவர் சொல்லட்டும். மருமகள் பதிவைத் தோண்டி எடுத்தாள் என்று அது வேறு மாதிரி ஆகிவிடும். கல்யாணப் பந்தியில் அவர் பக்கத்து மேஜைக்காரரிடம் மெக்ரெகர் கதையை ஆரம்பிக்கும்போது பையன் முகத்தைச் சுளித்தால் அது இன்னும் மோசம்.

துணி எட்டு கெஜம் எடுக்கச் சொல்வார்கள், உங்கள் ஊர் மடிசாரைவிட ஒரு கெஜம்தான் குறைவு. 16 வயசு, இன்னும் வளருவான், இடுப்பிலும் விளிம்பிலும் கொஞ்சம் விட்டுத் தைக்கச் சொல்லுங்கள். கில்ட் பின்னை மேல் மடிப்பில் மட்டும் குத்தணும். நான் இரண்டு மடிப்பையும் சேர்த்துக் குத்திவிட்டு உட்கார்ந்தேன், டர்ரென்று கிழிந்தது, வாடகைக் கடையில் முன்பணம் போனது.

சாஷ் தாராளமாகப் போடுங்கள். கிளான் பெண்கள் அதை வலது தோளில் போட்டுக் குறுக்கே இறக்குவதுதான் வழக்கம். இடது தோள் கிளான் தலைவர்களின் மனைவிகளுக்கு. உங்கள் முந்தானை இடது தோளில், சாஷ் வலது தோளில், இரண்டும் இடிக்காது. ஒன்று மட்டும், அந்தக் கனமான புரூச்சை நேராகப் பட்டில் குத்தினால் இழை இழுத்துவிடும். ரவிக்கையோடு சேர்த்து, உள்பக்கம் ஒரு துண்டு காடாத் துணி வைத்துக் குத்துங்கள்.