ஊதித் திரிவதற்கும் ஒரு சம்பளம் உண்டு: முள்ளியவளைத் தாய் ஒருவருக்குப் பதில்

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதம் நான்கு பக்கம். மூன்றரைப் பக்கம் மகனைப் பற்றிய முறைப்பாடு, கடைசி அரைப் பக்கத்தில்தான் கேள்வி. சாதாரணதரத்தில் கணிதமும் விஞ்ஞானமும் உட்பட ஏழு ஏ எடுத்த பிள்ளை, பெறுபேறு வந்த கிழமையே கணிதப் பிரிவு வேண்டாம் என்று நிற்கிறான். கலைப்பிரிவில் சேர்ந்து மேலைத்தேய சங்கீதம் படித்து, ட்றம்பெற் வாசிப்பவனாக வரப்போகிறானாம். நீங்கள் பாடசாலை ட்றம்பெற்றை வாங்கி அதிபரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டீர்கள். அன்றிலிருந்து வீட்டில் பேச்சில்லை. "ஊதித் திரிந்து பிழைக்க முடியுமா, சேர்?" என்று கேட்டு முடித்திருக்கிறீர்கள்.

தம்பியின் மனதை மாற்றியதாக நீங்கள் குறிப்பிட்ட அந்தக் காணொளியைத் தேடிப் பிடித்து முழுவதும் பார்த்தேன். அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்தின் இசைத்துறை ஆசிரியர்கள் ஐந்து பேர், இன்னொரு பல்கலைக்கழகத்துக்கு விருந்தினராகப் போய் வாசித்த கச்சேரி அது. இரண்டு ட்றம்பெற், ஒரு ஹோர்ன், ஒரு ட்றொம்போன், ஒரு டியூபா. பித்தளை வாத்திய ஐவர் குழு என்றால் உலகெங்கும் பெரும்பாலும் இந்த அமைப்புத்தான். எனக்குச் சங்கீத ஞானம் குறைவு. ஆனாலும் அந்தப் பெரிய டியூபா அடியில் நின்று மற்ற நால்வரையும் தாங்கியபோது, நாதஸ்வரத்துக்குப் பின்னால் நிற்கும் ஒத்து நினைவுக்கு வந்தது. ஒத்து ஒரே சுரத்தில் நிற்கும், டியூபா நடந்துகொண்டே தாங்குகிறது, அவ்வளவுதான் வேறுபாடு.

தம்பி அந்தக் காணொளியில் வாசிப்பைக் கேட்டான். தொழில் வழிகாட்டி என்பதால் எனக்கு அதற்கு முந்திய அறிமுகம்தான் முக்கியமாகப் பட்டது. ஒருவர் ட்றம்பெற் ஆசிரியர், கூடவே இசை வரலாறும் கற்பிக்கிறார். ஹோர்ன் வாசித்த பெண் முதலாம் ஆண்டு மாணவர்களுக்கு இசைக் கோட்பாடு எடுக்கிறார். ட்றொம்போன்காரர் பல்கலைக்கழக வாத்தியக் குழுவை நடத்துகிறார். கச்சேரி முடிந்ததும் ஐவரும் அங்குள்ள மாணவர்களை இருத்தி வாசிக்க வைத்துத் திருத்தம் சொல்லப் போகிறார்கள் என்றும் அறிவித்தார்கள். இப்படியான விருந்தினர் கச்சேரிகளுக்கு அங்கே பெரும்பாலும் டிக்கெட் இல்லை. அப்படியானால் அந்த ஐவருக்கும் சோறு போட்டது யார்?

பல்கலைக்கழகம்தான், அம்மா. ஐவரும் ஆசிரியர்கள். வாசிப்பு அவர்கள் கடமையில் ஒரு பங்கு. வேறு ஊர்களுக்குப் போய் வாசிப்பதில் துறைக்குப் புது மாணவர்களைப் பிடிக்கும் நோக்கமும் உண்டு. தம்பி பார்த்தது ஒரு வாத்தியார் வேலையின் வெளிச்சமான பக்கம். மறுபக்கத்தில், கிழமை முழுவதும் அடுத்தவர் பிள்ளைகளின் பிழையான சுரத்தைக் கேட்டுத் திருத்தும் வேலை இருக்கிறது. "உனக்கு அதுவும் விருப்பமா?" என்று தம்பியிடம் நான் முதலில் கேட்கப்போவது இதைத்தான். அவன் பாண்ட் குழுவில் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த அனுபவம் உண்டா என்பதை நீங்களும் விசாரித்து வையுங்கள்.

ஆசிரியத் தொழிலைச் சாராமல் வாசிப்பை மட்டும் நம்பி வாழும் ஐவர் குழுக்கள் உலகத்தில் இல்லாமல் இல்லை. ரொறன்ரோவில் 1970 இல் தொடங்கிய கனேடியன் பிராஸ் அவற்றில் பெயர்பெற்றது. ஆனால் 1960 இல் தொடங்கிய அமெரிக்கன் பிராஸ் குயின்டெற் போன்ற முன்னணிக் குழுவே 1987 முதல் நியூயோர்க்கின் ஜூலியார்ட் இசைப் பள்ளியில், வாசிப்போடு மாணவர்களுக்குக் கற்பித்தும் கொடுக்கும் இருப்புக் குழுவாக இருக்கிறது. பெரிய இசைக்குழுக்களில் இடமும் சொற்பம். ஒரு முழு இசைக்குழுவில் பொதுவாக நான்கு ஹோர்ன், மூன்று ட்றம்பெற், ஒரேயொரு டியூபா. இருப்பவர் ஓய்வுபெறும்வரை அந்த நாற்காலி காலியாகாது.

இனி, உங்கள் கடிதத்தில் வந்த அந்தச் சொல்லுக்கு வருகிறேன். "ஊதித் திரிவது." அதன் பின்னால் என்ன நிற்கிறது என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஊதுகிறவரையும் அடிக்கிறவரையும் வாசலில் இருத்திச் சோறு போட்ட சமூகம் நாங்கள். அவர்கள் வராமல் தாலி கட்டவும் மாட்டோம். வன்னியில் வைகாசித் திருவிழாக்காலத்தில் நல்ல நாதஸ்வரக் குழு ஒன்றைப் பிடிப்பது எவ்வளவு பாடு என்பதைக் கோயில் நிர்வாகத்தில் இருக்கும் எவரிடமும் கேட்டுப் பாருங்கள். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாண வீடு இல்லை, அந்த மாதங்களில் கை கடிக்கும். அதற்கேற்பத்தான் அவர்கள் வரவு செலவைப் போடுகிறார்கள். லண்டனிலும் சுவிஸிலும் கனடாவிலும் நம்மவர் கோயில் கட்டிய பிறகு, இங்கிருந்து திருவிழாவுக்குப் போய்வரும் கலைஞர்களும் இருக்கிறார்கள். பதினைந்து வருடத்துக்கு முன்னர் அப்படியொரு குடும்பத்துப் பையனை "தவிலை விட்டுவிட்டுக் கணக்கியல் படி" என்று அனுப்பியவன் நான். அவன் கணக்கியலில் தேறவில்லை. தவிலில் தேறினான், என்னிடம் கேட்காமல். இப்போதும் கண்டால் மரியாதையாக "சேர்" என்கிறான். எனக்குத்தான் முகத்தைப் பார்க்கக் கூச்சம்.

ஆகவே ஊதிப் பிழைக்கலாமா என்ற கேள்விக்கு என் பதில், பிழைக்கலாம். ஆனால் ட்றம்பெற்றுக்கு நாதஸ்வரத்தைப் போல வன்னியில் தயாராக ஒரு சந்தை இல்லை. மடு மாதா ஆவணித் திருவிழா போன்ற பெருநாள்கள், மரண ஊர்வலங்கள், பாடசாலை விளையாட்டுப் போட்டிகள் என்று பாண்ட் குழுவுக்குக் கொஞ்சம் வேலை உண்டு. பாடசாலை பாண்டைப் பழக்கும் பயிற்றுநருக்குப் பழைய மாணவர் சங்கம் ஏதாவது கொடுக்கும். இவை பக்க வருமானங்கள். மாதச் சம்பளத்துக்குப் பித்தளை வாத்தியம் வாசிக்கும் வேலை இலங்கையில் பெரும்பாலும் முப்படைகளின் பாண்டிலும் பொலிஸ் பாண்டிலும்தான் இருக்கிறது. வழிகாட்டி என்ற முறையில் இதை மறைக்கக்கூடாது, அதனால் சொன்னேன். உங்கள் வீட்டில் இந்த வரியை வாசிக்கும்போது என்ன நடக்கும் என்பதும் எனக்குத் தெரியும். அதற்கு மேல் நான் ஒன்றும் சொல்வதற்கில்லை.

இப்போது பிரிவுத் தெரிவு. இதில் தம்பிக்கு ஒரு பெரிய தப்பெண்ணம் இருக்கிறது. உயர்தரக் கலைப்பிரிவில் மேலைத்தேய சங்கீதம் ஒரு பாடமாக இருப்பது உண்மை. ஆனால் நீங்கள் எழுதியிருப்பதன்படி உங்கள் பாடசாலையில் அதற்கு ஆசிரியர் இல்லை. கணிதத்தை விட்டால் இசை கிடைக்கும் என்று தம்பி நினைக்கிறான். கணிதத்தை விட்டால் அவனுக்கு அங்கே கிடைக்கப்போவது புவியியல். புவியியல் நல்ல பாடம், நான் படித்த பாடம். அதற்கும் ட்றம்பெற்றுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. ஆசிரியர் உள்ள பாடசாலைக்குக் கொழும்பில் விடுதியில் விட்டுப் படிப்பிக்க வசதி இருந்தால் கதை வேறு. நுண்கடன் இரண்டு ஓடுவதாக எழுதியிருக்கிறீர்கள், ஆகவே அந்தப் பக்கம் போகவில்லை.

மறுபக்கம் கணிதப் பிரிவில் அவனுக்குக் கையில் ஒரு துருப்பு இருக்கிறது. பொறியியல் அனுமதியில் மாவட்ட ஒதுக்கீடு உண்டு. அதற்கு மேல், கல்வியில் பின்தங்கியவை என்று வகுக்கப்பட்ட 16 மாவட்டங்களுக்கு 5 வீத இடங்கள் தனியாக இருக்கின்றன, உங்கள் முல்லைத்தீவும் அதில் ஒன்று. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடமே கிளிநொச்சி அறிவியல் நகரில்தான் இருக்கிறது. கணிதம் அவனுக்குக் கசக்கவில்லை, ட்றம்பெற் அதைவிட இனிக்கிறது என்பதுதான் நிலைமை என்றால், கணிதப் பிரிவில் சேரட்டும். உண்மையிலேயே கசக்கிறது என்றால் இந்தப் பந்தியைக் கிழித்துவிடுங்கள். கசக்கும் பாடத்தில் இரண்டு வருடம் இருத்தி வைத்த பிள்ளைகள் எங்கே வந்து நின்றார்கள் என்பதை என் மேசையில் நிறையப் பார்த்துவிட்டேன்.

அந்தக் கச்சேரியில் முதலில் வாசித்த உருப்படி விக்ரர் ஈவால்ட் என்ற ரஷ்யர் எழுதியது. பித்தளை ஐவர் குழுக்களுக்கு அவருடைய ஆக்கங்கள் நம்மவர் கீர்த்தனை போல, தவறாமல் வரும். 1860 இல் பிறந்து 1935 இல் இறந்த அவர் சென் பீற்றர்ஸ்பேர்க்கில் கட்டடப் பொறியியல் பேராசிரியர். பகலில் கட்டுமானப் பொருள்களைப் பற்றிப் படிப்பித்தார், மிச்ச நேரத்தில் இசை. அவருடைய சீமெந்தைப் பற்றி இன்று ஒருவருக்கும் கவலையில்லை, ஐவர் குழுவுக்கு எழுதியவை நிற்கின்றன. இதை வாசித்ததும் "பார், எஞ்சினியராகவும் இருக்கலாம்" என்று தம்பியிடம் ஓடாதீர்கள். நீங்கள் சொன்னால் அது புத்திமதி ஆகிவிடும். அவனாகவே தேடிக் கண்டுபிடிக்கட்டும்.

ட்றம்பெற்றை அதிபரிடமிருந்து மறுபடி வாங்கிக் கொடுங்கள். இது வேண்டுகோள் இல்லை, ஆலோசனையின் முதல் படி. உயர்தரம் போனதும் பாண்டிலிருந்து பிள்ளைகளை எடுத்துவிடும் வழக்கம் நம் பாடசாலைகளில் இருக்கிறது, நீங்களே போய்ப் பேசினால் அதிபர் மறுக்கமாட்டார் என்று நம்புகிறேன். மவுத்பீஸ் மட்டும் அவனுக்கென்று சொந்தமாக ஒன்று வாங்குங்கள், பத்துப் பேர் வாய் வைத்தது வேண்டாம். வால்வுக்குத் தேங்காய் எண்ணெய் விடுவதை நிறுத்தச் சொல்லுங்கள். நம்முடைய புழுதியோடு சேர்ந்து அது பிசினாகிவிடும், அதற்கென்றே மெல்லிய எண்ணெய் விற்கிறார்கள். ஒரே மூச்சில் இரண்டு மணித்தியாலம் ஊதுவதும் பிழை. இருபது நிமிடம் ஊதினால் அதே அளவு உதட்டுக்கு ஓய்வு. அந்த ஓய்வில் பௌதிகவியல் கணக்குச் செய்யலாம், உங்களுக்கும் சந்தோஷமாக இருக்கும். வீட்டில் சத்தம் என்றால் குளக்கட்டுக்கு அனுப்புங்கள்.

அடுத்தது வாசிக்கப் பழகுவது. தம்பி செவியால் கேட்டும், எந்த வால்வை அமத்துவது என்று இலக்கம் எழுதி வைத்துமே வாசிக்கிறான் என்று உங்கள் கடிதத்திலிருந்து ஊகிக்கிறேன். நம் பாண்ட் பிள்ளைகளில் பலர் அப்படித்தான். ஐந்து கோட்டுச் சுரக்குறிப்பு தெரியாமல் மேலே ஒரு கதவும் திறக்காது. இலங்கையில் நெடுங்காலமாக நடக்கும் லண்டன் ஏபிஆர்எஸ்எம் என்ற இசைப் பரீட்சைச் சபையின் பரீட்சையில் எட்டுத் தரங்கள். ஐந்தாம் தரக் கோட்பாட்டில் சித்தியடைந்தால்தான் செயன்முறையில் ஆறு, ஏழு, எட்டுக்குத் தோற்றலாம், அல்லது அதற்கு ஈடான ஒன்று வேண்டும். வன்னிப் பிள்ளைக்கு நல்ல செய்தி ஒன்று உண்டு: ஐந்தாம் தரம் வரையான கோட்பாட்டுப் பரீட்சை இணையவழியிலேயே நடக்கிறது. 2020 முதல் வாசிப்பைக் காணொளியாகப் பதிந்து அனுப்பும் வகைத் தரப் பரீட்சையும் இருக்கிறது. பியானோத் துணை வேண்டிய உருப்படிகள் வரும், பங்குக் கோயிலில் கீபோர்ட் வாசிக்கும் பிள்ளை யாரையாவது சிநேகம் பிடிக்கச் சொல்லுங்கள். கட்டணத்தை ரொறன்ரோவில் இருக்கும் மாமாவிடம் கேட்பதில் வெட்கமில்லை, அவர் பிறந்தநாளுக்குச் சப்பாத்து அனுப்புவதை விட இது பயன்.

அமெரிக்கா பற்றி ஒன்று. முதல் பட்டத்துக்கே அங்கே முழுச் செலவையும் ஏற்கும் புலமைப்பரிசில் கிடைப்பது மிக அரிது. முதுமாணி, கலாநிதிப் படிப்பில் நிலைமை வேறு. உதவி ஆசிரியராக வேலை செய்து, கல்விக் கட்டணத்தைக் கழித்து, மாதம் ஒரு தொகையும் பெறும் முறை அங்கே பரவலாக உண்டு. அந்த ஐவரைப் போலப் பல்கலைக்கழகத்தில் நிரந்தரமாகப் படிப்பிக்க இசையில் கலாநிதிப் பட்டம் வரை போவதே இப்போது வழக்கம். ஆகவே முதல் பட்டம் இங்கே, இசைக்கான கதவைத் தட்டுவது அதன் பிறகு. எந்த வயதில் போனாலும் வாசித்துக் காட்டித்தான் இடம் எடுக்க வேண்டும். ட்றம்பெற் வாசிப்பவர்கள் எங்கும் நிறைய, ஹோர்னுக்கும் டியூபாவுக்கும் ஆள் தேடுவார்கள். பாண்டில் சின்ன டியூபா போன்ற யூபோனியமோ ட்றொம்போனோ சும்மா கிடந்தால் தம்பி அதையும் தொட்டுப் பார்க்கட்டும். "இசைப் புலமைப்பரிசில் எடுத்துத் தருகிறேன்" என்று முற்பணம் கேட்டு எவராவது வந்தால் என் தொலைபேசிக்கு எடுங்கள். காணியை ஈடு வைத்துவிட்டு எடுக்காதீர்கள், அதற்கு முன்னர் எடுங்கள்.

உயர்தர வகுப்புக்கு விண்ணப்பிக்க இன்னும் நாள் இருக்கிறது. அடுத்த கிழமை செவ்வாயோ வியாழனோ தம்பியோடு கிளிநொச்சிக்கு வாருங்கள், பரந்தன் வீதியால் வரும் காலை பஸ்ஸில் ஏறினால் நேரத்துக்கு வந்துவிடலாம். பெறுபேற்றுத் தாளோடு ட்றம்பெற்றையும் கொண்டுவரச் சொல்லுங்கள். முதலில் அவனோடு தனியாகப் பேசுவேன், நீங்கள் வெளியில் இருக்க வேண்டியிருக்கும். பக்கத்துக் கட்டடம் வங்கி. மூன்று மணிக்கு அதைப் பூட்டிய பிறகு அவன் ஊதிக் காட்டட்டும், அப்போது நீங்களும் உள்ளே வந்து இருங்கள்.