லாம்டாவின் ஓரவஞ்சனை (கடிதமும் பதிலும்)

அன்புள்ள ஐயா,

லாம்டா, கேயான் போன்ற விந்தைத் துகள்களைப் பற்றி நீங்கள் முன்பு எழுதிய கட்டுரையை என் பன்னிரண்டாம் வகுப்பில் வாசித்துக் காட்டினேன். ஒளியின் தளவிளைவுப் பாடம் (ஒளி அலையின் அதிர்வு ஒரே தளத்தில் கட்டுப்படுவது) நடந்துகொண்டிருந்த சமயம். "தளவிளைவுற்ற ஃபோட்டான் கற்றையைப் புரோட்டான் மீது பாய்ச்சி விந்தைத் துகள்களை உண்டாக்குகிறார்கள்" என்ற வரி வந்ததும் ஒரு மாணவி எழுந்து, "சார், ஒளி எந்தப் பக்கமா அதிருதுன்னு புரோட்டானுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டாள். நாளைக்குச் சொல்கிறேன் என்று தப்பித்தேன். அந்த நாளை வந்து மூன்று வாரம் ஆகிறது.

இன்னும் இரண்டு கேள்விகள். நிறையே இல்லாத ஒளியிலிருந்து நிறையுள்ள துகள் வருவதைப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது? அப்புறம், லாம்டா துகளின் சிதைவுக்கு 0.642 என்று ஓர் எண் கொடுத்திருக்கிறீர்கள். வேறு இடத்தில் 0.75 என்று பார்த்தேன். அச்சுப்பிழையா?

ம., இயற்பியல் ஆசிரியர்

அன்புள்ள ம.,

அச்சுப்பிழை இல்லை, என் பிழை. அலமாரியில் இருந்த பழைய கையேட்டைப் புரட்டி அந்த எண்ணை எடுத்துப் போட்டேன். 2019இலேயே அது மாறிவிட்டது. மாறியதற்கான காரணமும் உங்கள் மாணவி கேட்ட கேள்வியும் கடைசியில் ஒரே இடத்தில்தான் போய் நிற்கின்றன. அதனால் கொஞ்சம் சுற்றிக்கொண்டு வருகிறேன்.

நிறைக் கேள்வியை வரவு செலவுக் கணக்காகப் போட்டுக் காட்டுங்கள், பிள்ளைகள் பிடித்துக்கொள்வார்கள். எல்லாம் மெகா எலக்ட்ரான் வோல்ட்டில், துகள்களின் நிறைக்கும் ஆற்றலுக்கும் பொதுவான அலகு அது. புரோட்டான் 938. அதன் மேல் ஃபோட்டான் மோதி, நேர்மின் கேயான் ஒன்றும் லாம்டா ஒன்றும் வெளிவர வேண்டும். கேயான் 494, லாம்டா 1116, ஆகக் கூடி 1610. குறைகிற தொகை 672. அப்படியானால் 672 உள்ள ஃபோட்டான் போதுமே என்று யாராவது ஒருவன் கண்டிப்பாகச் சொல்வான். போதாது. வந்த ஃபோட்டானுக்கு உந்தம் இருக்கிறது, அதை யாராவது சுமந்துகொண்டு போயாக வேண்டும். பிறக்கிற இரண்டு துகள்களும் பிறக்கும்போதே ஓட வேண்டியிருப்பதால், அந்த ஓட்டச் செலவையும் சேர்த்து 911 வேண்டும். அதற்கு ஒன்று குறைந்தாலும் காரியம் நடக்காது. நிறை என்பதும் ஆற்றலின் ஒரு கணக்குத் தலைப்புதான், அந்தத் தலைப்பில் வரவு வைக்க ஃபோட்டானிடம் கையிருப்பு இருந்தால் சரி.

உள்ளே நடப்பது, ஃபோட்டானின் ஆற்றல் விந்தைக் குவார்க் (குவார்க்குகள் புரோட்டான் போன்றவற்றின் உட்துகள்கள்) ஒன்றாகவும் அதன் எதிர்க்குவார்க் ஒன்றாகவும் பிரிவது. குவார்க் லாம்டாவோடு போகிறது, எதிர்க்குவார்க் கேயானோடு போகிறது. இதனால்தான் இவை தனியாகப் பிறப்பதில்லை, ஜோடி ஜோடியாகவே வருகின்றன. 1947இல் மான்செஸ்டரில் ரோசெஸ்டரும் பட்லரும் துகள்களின் தடத்தைக் காட்டும் முகிற்கூடப் படங்களில் விசித்திரமான கவட்டைத் தடங்களைப் பார்த்ததையும், 1950இல் மெல்போர்னில் ஹாப்பரும் பிஸ்வாஸும் லாம்டாவை அடையாளம் கண்டதையும் அந்தக் கட்டுரையிலேயே சொல்லியிருந்தேன், திரும்ப வேண்டாம்.

இப்போது உங்கள் மாணவி. அவளுக்கு நேர் பதில்: புரோட்டானுக்குத் தெரியாது, அதற்குள் இருக்கிற குவார்க்குகளுக்குத் தெரியும். 1000 மெகா எலக்ட்ரான் வோல்ட் ஃபோட்டானின் அலைநீளம் சுமார் 1.24 ஃபெம்டோமீட்டர். புரோட்டானின் அளவும் ஏறக்குறைய அதே. ஆக அந்த அலையின் மின்புலம் புரோட்டானின் உள்ளே போய்க் குவார்க்குகளை இழுக்கிறது. குவார்க்குகளுக்கு மின்னூட்டம் உண்டு. மின்புலம் மேலும் கீழுமாக ஆடினால் அவற்றின் மீதான இழுப்பும் மேலும் கீழுமாகத்தான்.

சாதாரணக் கற்றையில் எல்லாத் திசையிலும் ஆடுகிற ஃபோட்டான்கள் கலந்து கிடக்கும். அப்போது கற்றையின் திசையைத் தவிர வேறு திசையே அங்கே கிடையாது. கற்றையைச் சுற்றி எந்தக் கோணத்தில் எண்ணினாலும் கேயான்கள் ஒரே எண்ணிக்கையில் வரும். தளவிளைவுற்ற கற்றை விழுந்தால் அந்தச் சமம் குலைகிறது. 360 பாகையைச் சுற்றி எண்ணிக்கொண்டு போனால் இரண்டு மேடு, இரண்டு பள்ளம். வகுப்பில் இரண்டு போலராய்டு தகடுகளை வைத்து ஒன்றைத் திருப்பிக் காட்டியிருப்பீர்களே, ஒரு முழுச் சுற்றில் இரண்டு முறை வெளிச்சம், இரண்டு முறை இருட்டு. மாலஸ் விதியில் உள்ள கொசைன் வர்க்கத்தை விரித்தால் கிடைக்கிற அதே இரட்டைக் கோணம்தான் இங்கேயும் வருகிறது. ஆடுகிற புலத்துக்கு மேல் கீழ் என்ற பேதம் இல்லாததால் அரைச் சுற்றிலேயே பழைய நிலை வந்துவிடுகிறது.

மேடு எந்தப் பக்கம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஆற்றல் அதிகமாக இருக்கும்போது, மோதலில் இடையே கைமாறுவது கேயானாக இருந்தால் வெளிவரும் கேயான்கள் மின்புலத் தளத்திலேயே விழும். கைமாறுவது கேயானின் கனத்த உறவான கேயான்-ஸ்டார் வகையாக இருந்தால் அதற்குக் குறுக்கே விழும். மொத்த எண்ணிக்கையை மட்டும் பார்த்து இதைப் பிரிக்கவே முடியாது. அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்து ஜெஃபர்சன் ஆய்வகத்தின் குளூஎக்ஸ் குழு 8.5 கிகா எலக்ட்ரான் வோல்ட்டில் கேயான்-சிக்மா ஜோடிகளை (சிக்மா லாம்டாவின் நெருங்கிய உறவுத் துகள்) எண்ணியபோது, அவை ஏறக்குறைய முழுக்கவே குறுக்குப் பக்கம் சாய்ந்திருந்தன.

இப்படிப்பட்ட கற்றையை உண்டாக்குவதற்கு, தலைமுடியைவிட மெல்லிய, சுமார் 50 மைக்ரான் வைரத் தகடு ஒன்றின் ஊடாக எலக்ட்ரான்களை விடுகிறார்கள். எலக்ட்ரான் வேகம் குறையும்போது ஃபோட்டானை உமிழும். வைரத்தில் அணுக்கள் வரிசை பிசகாமல் நிற்பதால், குறிப்பிட்ட ஆற்றலில் ஒரே தளத்தில் ஆடுகிற ஃபோட்டான்கள் கூடுதலாக வரும். வைரத்தைத் துளி திருப்பினால் தளமும் திரும்பும். உமிழ்ந்துவிட்டு வருகிற எலக்ட்ரானைக் காந்தத்தால் வளைத்து மிச்ச ஆற்றலை அளந்தால், போன ஃபோட்டானின் ஆற்றல் கழித்தலில் கிடைத்துவிடும். நான் மிகவும் ரசிக்கிற சங்கதி, தளத்தைக் கொஞ்ச நேரம் கிடையாகவும் கொஞ்ச நேரம் செங்குத்தாகவும் வைத்து மாற்றி மாற்றித் தரவு எடுப்பது. உணரிக் கருவியில் எங்கே ஓட்டை உடைசல் இருந்தாலும் அது இரண்டு பக்கமும் சமமாகவே இருக்கும், ஒப்பிடும்போது தானாகக் கழிந்துவிடும். நம் ஊர்த் தராசில் தட்டு மாற்றி நிறுப்பதுபோல.

ஜப்பானில் ஸ்பிரிங்-8இல் வேறு வழி. 8 கிகா எலக்ட்ரான் வோல்ட்டில் ஓடும் எலக்ட்ரான்களுக்கு எதிரே புற ஊதா லேசரை அடிக்கிறார்கள். 3.5 எலக்ட்ரான் வோல்ட்டோடு போன ஃபோட்டான் மோதித் திரும்பும்போது 2.4 கிகா வரை கொண்டுவருகிறது, கிட்டத்தட்ட 70 கோடி மடங்கு. தளவிளைவும் பெரும்பாலும் கலையாமல் திரும்புகிறது. 2003இல் இதே இடத்திலிருந்துதான் ஐந்து குவார்க் துகள் கிடைத்துவிட்டதாகப் பெரிய அறிவிப்பு வந்தது. ஜெஃபர்சன் ஆய்வகத்தார் பல மடங்கு தரவு எடுத்துப் பார்த்தபோது அது அங்கே இல்லை.

இனி 0.642. லாம்டாவுக்கு ஆயுள் 2.6 × 10⁻¹⁰ நொடி. ஒரு சில சென்டிமீட்டர் ஓடிவிட்டுப் பெரும்பாலும் புரோட்டானாகவும் எதிர்மின் பையான் என்ற இலேசான துகளாகவும் உடைகிறது. நமக்கு இந்த நொடி ஒன்றுமே இல்லை, ஆனால் அது பிறக்க எடுத்துக்கொண்ட நேரத்தோடு ஒப்பிட்டால் பத்து லட்சம் கோடி மடங்கு நீளம். உடைப்பது வலுக்குறைந்த அணுக்கரு விசை என்பதால் இத்தனை தாமதம். அந்த விசைக்கோ ஓரவஞ்சனை உண்டு. இடமும் வலமும் அதற்குச் சமம் இல்லை என்று இயற்பியலாளர்கள் லீயும் யாங்கும் 1956இல் சந்தேகப்பட்டதை அடுத்த ஆண்டே வூ சோதனையில் காட்டினார்.

லாம்டாவின் தற்சுழற்சி மேல்நோக்கி இருக்கிறது என்று வையுங்கள். உடைந்து வரும் புரோட்டான் மேல் பாதிக்கும் கீழ்ப் பாதிக்கும் சமமாகப் போகாது, மேலே போவதையே விரும்பும். அந்த விருப்பத்தின் அளவுதான் நீங்கள் கேட்ட எண். 0.642 என்றால் நூறில் 66 மேலே, 34 கீழே. 0.75 என்றால் 69 மேலே, 31 கீழே. அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆனால் இந்த வசதி சாதாரணமானது அல்ல. சாதாரணப் புரோட்டான் ஒன்று எந்தப் பக்கம் சுழல்கிறது என்று அறிய வேண்டுமானால் அதை இன்னொரு பொருளில் மோதவிட்டுச் சிதறலை அளக்க வேண்டும், பாதிக்குமேல் வீணாகும். லாம்டா தன் சுழற்சித் திசையைத் தானே சொல்லிவிட்டுச் சாகிறது. உள்ளே போன ஃபோட்டானின் திசை நம் கையில், வெளியே வந்த லாம்டாவின் திசை அதன் மரண வாக்குமூலத்தில். இரண்டையும் சேர்த்து அளக்க முடிவதால்தான் இந்தத் துறையில் விந்தைத் துகள்களுக்கு இத்தனை மவுசு என்பது என் எண்ணம்.

ஒரு சிக்கல். புரோட்டான்களின் சாய்வை எண்ணும்போது நமக்குக் கிடைப்பது லாம்டாவின் சுழற்சிச் சாய்வும் (லாம்டாக்கள் எந்த அளவு ஒரே பக்கம் திரும்பி நிற்கின்றன என்பது) இந்த எண்ணும் பெருக்கிய தொகை. அதை எண்ணால் வகுத்தால்தான் சாய்வு கிடைக்கும். எண் தவறானால், அதை நம்பி வெளியான அத்தனை சாய்வுகளும் தவறு. 1970களில் நிலைத்த 0.642ஐ நாற்பது ஆண்டுகளுக்குமேல் எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு வகுத்தார்கள்.

2019இல் பெய்ஜிங்கின் பெஸ்-3 குழு முற்றிலும் வேறு பாதையில், எலக்ட்ரான்-பாசிட்ரான் மோதலில் பிறந்த 131 கோடி ஜே/சை என்ற கனத்த துகள்களிலிருந்து லாம்டாவையும் எதிர்-லாம்டாவையும் ஜோடியாகப் பிடித்து 0.750 என்றது. பழைய மதிப்பிலிருந்து ஆறில் ஒரு பங்கு தள்ளி. அப்போதுதான் கிளாஸ்கோவின் அயர்லாண்ட் என்பவரும் உடன் வேலை செய்தவர்களும் ஜெஃபர்சன் ஆய்வகத்தின் கிளாஸ் உணரி எடுத்திருந்த பழைய ஃபோட்டான் தரவுகளை மறுபடி எடுத்தார்கள். கேயான்-லாம்டா வினையில் சோதனையில் அளக்கக்கூடிய 16 அளவைகள் உண்டு, அவை ஒன்றையொன்று கட்டிப்போட்டவை. அவற்றில் ஏழின் வர்க்கங்களைக் கூட்டினால், ஒன்றை மட்டும் கழித்துக்கொண்டு, விடை சரியாக 1 வந்தாக வேண்டும். இயற்கையைக் கேட்க வேண்டியதில்லை, கணிதமே அப்படி. நிலத்தில் முக்கோணம் போட்டு மூன்று கோணத்தையும் அளக்கிறீர்கள், கூட்டினால் 187 வருகிறது. முக்கோணத்தையா சந்தேகப்படுவீர்கள்? கோணமானியைத்தான். 0.642ஐ வைத்து வகுத்தபோது கூட்டுத்தொகை ஒன்றைத் தாண்டியது. ஒன்றுக்குக் கொண்டுவர எண் 0.721 ஆக வேண்டியிருந்தது.

நேர்த்தளத்தில் ஆடும் ஃபோட்டான்களும் மின்புலம் வட்டமாகச் சுழலும் ஃபோட்டான்களும் இரண்டுமே இல்லாவிட்டால் அந்த ஏழு அளவைகள் கையில் வந்திருக்காது. உங்கள் மாணவியிடம் சொல்ல வேண்டிய இரண்டாம் பாதி இது. ஒளி எந்தப் பக்கம் ஆடுகிறது என்று பார்த்துப் பார்த்து அடித்ததால்தான் நாற்பதாண்டுப் பிழை ஒன்று பிடிபட்டது.

சரி, நீங்கள் பிடிக்காத இன்னொரு பிழையையும் சொல்லிவிடுகிறேன். வட்டத் தளவிளைவுற்ற ஃபோட்டான்களை வைத்து கிளாஸ் குழு 2007இல் வெளியிட்ட முடிவைப் பற்றி அதே கட்டுரையில் நான் உருகி உருகி எழுதியிருந்தேன். ஃபோட்டான் முழுக்கச் சுழன்றால் லாம்டாவும் நூற்றுக்கு நூறு ஒரே பக்கம் திரும்பி நிற்கிறது, மொத்தச் சாய்வு ஏறக்குறைய சரியாக 1, என்ன நேர்த்தி என்று. அந்த ஒன்றும் 0.642ஆல் வகுத்து வந்ததுதான். 0.75ஆல் வகுத்தால் 0.86 ஆகிறது, 0.721ஆல் வகுத்தால் 0.9க்குப் பக்கம். இன்னமும் பெரிய சாய்வுதான், வட்டத் தளவிளைவு லாம்டாவுக்குப் பெருமளவு கைமாறுகிறது என்பது மாறவில்லை. ஆனால் அந்த முழு ஒன்று போய்விட்டது. எனக்கு வருத்தம்தான், ஒளிக்கவில்லை.

இதற்கெல்லாம் பலன் என்ன என்று வகுப்பில் கேட்டால் ஒன்று சொல்லலாம். புரோட்டானைக் கிளறிவிட்டால் அது என்னென்ன உயர்நிலைகளுக்குப் போகும் என்று குவார்க் மாதிரிகள் நீண்ட பட்டியல் தருகின்றன. பையான் கற்றைகளில் அவற்றில் பல தென்படவே இல்லை. சில, கேயான்-லாம்டா பக்கம் எட்டிப் பார்க்கின்றன. துகள் கையேட்டில், இவை இருப்பது எவ்வளவு உறுதி என்று காட்ட, சினிமா விமர்சனம்போல நட்சத்திரம் போடுவார்கள். 1900 மெகா எலக்ட்ரான் வோல்ட் அருகே உள்ள ஒரு நிலை, இரண்டு நட்சத்திரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது, இந்தத் தளவிளைவுத் தரவுகள் வந்த பிறகு நான்குக்கு ஏறியது.

பழைய கட்டுரையை அழிக்கவில்லை. கீழே திருத்தக் குறிப்பு ஒன்று சேர்த்திருக்கிறேன், அதில் உங்கள் பெயர் வேண்டாம் என்றால் எழுதுங்கள், எடுத்துவிடுகிறேன்.

கவனித்திருப்பீர்கள், பெய்ஜிங் 0.750, ஜெஃபர்சன் தரவு 0.721. பெஸ்-3 குழு 2022இல் இன்னும் அதிகத் தரவோடு திரும்ப அளந்தும் 0.75ஐ விட்டு அசையவில்லை. இரண்டின் பிழை வரம்புகளும் ஒன்றையொன்று தொடவில்லை. உங்கள் மாணவி இதையும் கேட்காமல் விடமாட்டாள். அதற்கு நாளைக்குச் சொல்கிறேன் என்றே சொல்லுங்கள், இந்தத் தடவை கூச்சப்பட வேண்டியதில்லை.

அன்புடன்.