காமிக்ஸ் சேகரிப்பவர்கள் சொல்லும் கோல்டன் ஏஜ், சில்வர் ஏஜ் எல்லாம் எந்த வருடங்கள்? யார் வகுத்தது?

நீங்கள் கேள்வியில் எழுதியிருப்பதைப் பார்த்தால், சித்தப்பா அமெரிக்காவில் இருந்தபோது சேர்த்த பழைய காமிக்ஸ் ஒரு பெட்டி நிறைய உங்கள் கைக்கு வந்திருக்கிறது. எது எந்தக் காலம் என்று தேடினால் ஆளுக்கு ஒரு வருடம் சொல்கிறார்கள், அதனால் குழம்பியிருக்கிறீர்கள். நான் நியூ ஜெர்சியில் பதினைந்து வருடமாக அமெரிக்க காமிக்ஸ் சேர்த்து வருகிறேன். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் வருடங்கள். 1938-ல் பொற்காலம், 1956-ல் வெள்ளிக்காலம், 1970-ல் வெண்கலக்காலம், 1984 வாக்கில் செப்புக்காலம், 1992 வாக்கில் மாடர்ன் ஏஜ். இவை எல்லாமே ஆரம்பிக்கும் வருடங்கள். முடியும் வருடம் எதையும் நான் போடவில்லை, காரணம் இருக்கிறது. சேகரிப்பவர்கள் காலத்தைப் பிரிப்பது வரலாற்று ஆசிரியர்கள் பிரிப்பது மாதிரி இல்லை. ஏதாவது ஒரு குறிப்பிட்ட இதழைக் கையில் பிடித்துக்கொண்டு, "இதிலிருந்துதான் எல்லாம் மாறியது" என்பார்கள். அதை 'கீ' இதழ் என்று சொல்வது வழக்கம். ஆரம்பத்துக்கு அப்படி ஓர் இதழ் கிடைத்துவிடும். முடிவுக்குக் கிடைக்காது, ஏனென்றால் எந்தப் பதிப்பகமும் "இத்துடன் பொற்காலம் முற்றும்" என்று அச்சடித்துக் கடைக்கு அனுப்பவில்லை.

பொற்காலத்தின் கீ இதழைப் பற்றிச் சண்டையே இல்லை. அட்டையில் 1938 ஜூன் என்று போட்டு வந்த ஆக்‌ஷன் காமிக்ஸ் முதல் இதழ், விலை 10 சென்ட், சூப்பர்மேன் ஒரு பச்சைக் காரைத் தலைக்கு மேல் தூக்கிப் பாறையில் மோதும் அட்டை. ஜெரி சீகல், ஜோ ஷஸ்டர் என்ற இரண்டு இளைஞர்கள் அந்தப் பாத்திரத்தின் உரிமையை 130 டாலருக்கு விற்றார்கள். அதே இதழின் நல்ல பிரதி ஒன்று 2024-ல் 60 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனக்கும். அதற்கு முன்பும் காமிக்ஸ் இருந்தது, 1934-லேயே ஃபேமஸ் ஃபன்னீஸ் கடைக்கு வந்துவிட்டது. ஆனால் அதில் பெரும்பாலும் செய்தித்தாள் தொடர்களைத்தான் மறுபடி அச்சிட்டார்கள். அதையெல்லாம் பிளாட்டினம் ஏஜ் என்று தனியாக ஒதுக்கிவிடுவார்கள்.

சரி, பொற்காலம் எப்போது முடிந்தது? இரண்டாம் உலகப்போர் முடிந்த 1945 என்பார் ஒருவர். ஜஸ்டிஸ் சொசைட்டி என்ற சூப்பர் ஹீரோ குழுவின் கதைகள் வந்த ஆல் ஸ்டார் காமிக்ஸ் 1951-ல் 57-ஆம் இதழோடு சூப்பர் ஹீரோக்களைக் கைவிட்டது, அதுதான் முடிவு என்பார் இன்னொருவர். 1956-ல் ஷோகேஸ் என்ற இதழின் நான்காம் எண் வரும் வரை பொற்காலம்தான் என்பவர்களும் உண்டு. இந்தப் பத்து வருட இடைவெளிக்குச் சிலர் அட்டாமிக் ஏஜ் என்று தனிப்பெயர் வைத்தார்கள், எனக்கு அதுதான் நியாயமாகப் படுகிறது. அந்த வருடங்களில் சூப்பர் ஹீரோக்கள் படுத்துவிட்டார்களே தவிர காமிக்ஸ் படுக்கவில்லை. காதல் கதைகள், குற்றக் கதைகள், பேய்க் கதைகள், கௌபாய் கதைகள் எல்லாம் லட்சக்கணக்கில் விற்றன. டிஸ்னி பாத்திரங்கள் வரும் மாத இதழ் ஒன்று ஐம்பதுகளின் தொடக்கத்தில் மாதம் 30 லட்சத்துக்கு மேல் போனது. அப்புறம் 1954 ஏப்ரலில் நியூயார்க்கில் செனட் விசாரணை நடந்தது. ஒரு கையில் கோடரி, மறு கையில் பெண்ணின் வெட்டிய தலை என்று ஒரு அட்டை. அதைக் காட்டி இது நல்ல ரசனையா என்று செனட்டர் கெஃபாவர் கேட்க, பேய்க் கதை இதழுக்கு இது நல்ல ரசனைதான் என்று பதிப்பாளர் வில்லியம் கெயின்ஸ் பதில் சொன்னார். அந்த வருடமே பதிப்பகங்கள் சேர்ந்து காமிக்ஸ் கோட் என்ற கட்டுப்பாட்டைக் கொண்டுவந்தன. 1955-லிருந்து பல அட்டைகளின் மூலையில் தபால்தலை மாதிரி அந்தக் கோடின் அனுமதி முத்திரை வரத் தொடங்கியது.

இந்த முத்திரையைக் கொஞ்சம் கவனியுங்கள். உங்கள் பெட்டியில் ஓர் இதழில் முத்திரை இருந்தால் அது பெரும்பாலும் 1955-க்குப் பிறகு வந்தது. இல்லையென்றால் பழையது என்று உடனே முடிவு கட்டக்கூடாது, டெல் பதிப்பகம் கடைசி வரை அந்தக் கோடில் சேரவே இல்லை.

வெள்ளிக்காலத்துக்கு வருகிறேன், எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. 1956 செப்டம்பர்–அக்டோபர் தேதியிட்ட ஷோகேஸ் நான்காம் இதழில், மின்னல் வேகத்தில் ஓடும் நாயகனான ஃப்ளாஷ் புது ஆளாக வருகிறார். பழைய ஃப்ளாஷ் ஜே கேரிக், புதியவர் பாரி ஆலன். கதையில் பாரி ஆலன் ஒரு பழைய காமிக்ஸைக் கையில் வைத்துப் படித்துக்கொண்டிருப்பார், அதன் அட்டையில் இருப்பவர் ஜே கேரிக்! பிறகுதான் மின்னல் அடித்து ரசாயனங்கள் மேலே கொட்டி அவருக்கே அந்த வேகம் வருகிறது. அதாவது புதுக் காலத்தின் முதல் நாயகனே பழைய காலத்தின் வாசகன். இதைவிட அழகான ஓர் எல்லைக்கோட்டை யாரும் திட்டம் போட்டு வரைய முடியாது. மார்ஷியன் மேன்ஹன்டர் என்ற சூப்பர் ஹீரோ 1955 நவம்பரிலேயே வந்துவிட்டாரே, அதுதானே முதல் என்று வாதிடுபவர்கள் இருக்கிறார்கள். கணக்குப்படி சரிதான், ஆனால் அவரைத் தொடர்ந்து ஓர் அலை கிளம்பவில்லை. அதே மாதிரி கேப்டன் அமெரிக்காவை 1954-ல் திரும்பக் கொண்டுவந்து பார்த்தார்கள், மூன்றே இதழில் நின்றுபோனது. அது ஓடியிருந்தால் இன்றைக்கு நாம் வெள்ளிக்காலம் 1954 என்று சொல்லிக்கொண்டிருப்போம்.

யார் வகுத்தது என்று கேட்டீர்கள். எந்தக் குழுவும் உட்கார்ந்து முடிவு செய்யவில்லை, ரசிகர்கள்தான். 1960-ல் ரிச்சர்ட் லூபாஃப் ஒரு ரசிகர் இதழில் எழுதிய கட்டுரையில் பழைய நாட்களைப் பொற்காலம் என்று குறிப்பிட்டார். 1966 பிப்ரவரியில் ஜஸ்டிஸ் லீக் 42-ஆம் இதழின் கடிதப் பகுதியில் ஒரு வாசகர், பொற்கால நாயகர்களை இப்படியே திரும்பக் கொண்டுவந்தால் இருபது வருடம் கழித்து இதை வெள்ளி அறுபதுகள் என்று கூப்பிடுவார்கள் என்று எழுதினார். பெயர் ஒட்டிக்கொண்டது. 1970-லிருந்து ராபர்ட் ஓவர்ஸ்ட்ரீட் வெளியிட்டு வரும் விலைக் கையேடு இந்தப் பெயர்களை வியாபாரத்துக்குள் கொண்டுபோனது. இன்று ஒரு கடைக்காரர் "இது சில்வர்" என்றால் அதில் ஒரு விலையும் சேர்ந்தே இருக்கிறது.

அந்த விலைதான் பிரச்சினை. பல வருடம் முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் சில்வர் ஏஜ் என்று எழுதி வைத்திருந்த பெட்டியிலிருந்து நான்கு இதழ்கள் வாங்கினேன். வீட்டுக்கு வந்து முதல் பக்கத்தின் அடியில் இருக்கும் பொடி எழுத்தைப் படித்தால் 1971 பிப்ரவரி என்று இருக்கிறது. அடுத்த மாதம் போய்க் கேட்டேன். அந்த வியாபாரி கொஞ்சமும் தயங்காமல், 15 சென்ட் விலை போட்டது வரைக்கும் எனக்கு வெள்ளிதான் என்றார். அன்றைக்குக் கோபமாக வந்தது. ஆனால் அவர் சொன்னதிலும் ஒரு முறை இருக்கிறது என்பது போகப் போகத்தான் புரிந்தது.

அமெரிக்க காமிக்ஸில் அட்டை விலையே ஒரு காலண்டர். 1938-ல் 10 சென்ட்டுக்கு 64 பக்கம் கொடுத்தார்கள். காகித விலை ஏற ஏற, விலையைத் தொடாமல் பக்கத்தைக் குறைத்துக்கொண்டே வந்து 32 பக்கத்தில் நிறுத்தினார்கள். அதனால் பத்து சென்ட் இதழ் தடிமனாக இருந்தால் நாற்பதுகள், ஒல்லியாக இருந்தால் ஐம்பதுகள் என்று கையில் எடுத்ததுமே ஓரளவு சொல்லிவிடலாம். 1961 கடைசியில்தான் 12 சென்ட் ஆனது. ஃபென்டாஸ்டிக் ஃபோர் முதல் இரண்டு இதழ்கள் 10 சென்ட், மூன்றாவது 12 சென்ட். 1969-ல் 15 ஆகும்வரை இந்த 12 சென்ட்தான், ஸ்பைடர்மேன் முதன்முதலில் வந்த 1962 ஆகஸ்ட் இதழும் அதே விலைதான். 12 சென்ட் போட்டிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வெள்ளிக்காலம் என்று வையுங்கள்.

வெண்கலக்காலத்துக்கு ஒரே கீ இதழ் கிடையாது, அதனால்தான் நீங்கள் பார்த்த இடங்களில் 1970 என்றும் 1973 என்றும் மாறி மாறி இருக்கிறது. 1970-ல் ஓவியர் ஜாக் கிர்பி மார்வல் பதிப்பகத்தை விட்டுப் போட்டிப் பதிப்பகமான டிசிக்குப் போனார். அதே வருடம் எழுத்தாளர் டென்னிஸ் ஓ'நீல், ஓவியர் நீல் ஆடம்ஸ் இருவரும் க்ரீன் லான்டர்ன் 76-ஆம் இதழில் இனவெறி, வறுமை பற்றியெல்லாம் கதைக்குள் பேச ஆரம்பித்தார்கள். வாள் வீரன் கோனனின் இதழும் அப்போதுதான் வந்தது. 1971-ல் போதைப்பொருள் பற்றிய கதை என்பதற்காக ஸ்பைடர்மேன் 96, 97, 98 ஆகிய மூன்று இதழ்களுக்குக் கோட் முத்திரை தரவில்லை. மார்வல் முத்திரை இல்லாமலேயே வெளியிட்டது. அந்த வருடமே கோட் தளர்ந்தது, ரத்தக்காட்டேரிகளும் ஓநாய் மனிதர்களும் திரும்பி வந்தார்கள். 1973 என்பவர்கள் ஸ்பைடர்மேனின் காதலி க்வென் ஸ்டேசி இறந்துபோன ஸ்பைடர்மேன் 121-ஆம் இதழை வைத்துச் சொல்கிறார்கள். என் கணக்கில் அது வெள்ளிக்காலத்தின் சாவு மணி, வெண்கலக்காலத்தின் பிறப்பு அதற்கு முன்பே நடந்துவிட்டது. இரண்டும் சில வருடம் ஒன்றோடொன்று கலந்து ஓடியதை ஒப்புக்கொள்ள ஏனோ பலருக்கு மனம் வருவதில்லை.

எழுபதுகளின் மார்வல் இதழ்கள் உங்கள் பெட்டியில் இருந்தால் ஒரு வேலை செய்யுங்கள். 1974, 75-ல் கடிதப் பக்கத்தில் வெட்டி ஒட்டுவதற்கென்று ஒரு சின்னப் படம் போடுவார்கள், மார்வல் வேல்யூ ஸ்டாம்ப் என்று பெயர். அன்றைய பிள்ளைகள் கத்தரிக்கோலை எடுத்து வெட்டிவிட்டார்கள். உல்வரின் முழுமையாக அறிமுகமாகும் ஹல்க் 181-ஆம் இதழிலும் அது உண்டு, வெட்டியிருந்தால் விலை தலைகீழாக விழும். அட்டை பளபளவென்று இருக்கும், உள்ளே ஒரு சதுர ஓட்டை. நான் இப்போது எந்த 1974 இதழை வாங்கினாலும் முதலில் கடிதப் பக்கத்தைத்தான் திறக்கிறேன்.

செப்புக்காலம் பற்றி அதிகம் சொல்ல எனக்கு விருப்பமில்லை, பெயரே வியாபாரத்துக்காக வந்தது போலத்தான் தோன்றுகிறது. 1984-ல் சுமார் 3,000 பிரதிகள் மட்டும் அச்சான நின்ஜா டர்டில்ஸ் முதல் இதழ், 1986-ல் வாட்ச்மென், 1988-ல் வெனம் வந்த ஸ்பைடர்மேன் 300 இவையெல்லாம் இதில் வரும். 1991-ல் ஐந்து விதமான அட்டைகளோடு வந்த எக்ஸ்-மென் முதல் இதழை 80 லட்சத்துக்கு மேல் அச்சிட்டு விற்றார்கள். ஆளுக்கு ஐந்து பத்து என்று வாங்கிப் பூட்டி வைத்தார்கள், அதனால் இன்றைக்கும் அதற்குப் பெரிய விலை இல்லை. போர்க்காலத்தில் பழைய காகிதச் சேகரிப்புக்குப் போட்டு அழிந்ததால்தான் பொற்கால இதழ்கள் அரிதாயின என்பது இவர்களுக்குத் தோன்றவில்லை.

எல்லைக்கோடுகளைப் பற்றிக் கடைசியாக ஒன்று. பழைய ஃப்ளாஷ் காமிக்ஸ் 1949-ல் 104-ஆம் இதழோடு நின்றது. பாரி ஆலனுக்குத் தனி இதழ் கொடுத்த 1959-ல் டிசி அதை ஒன்று என்று தொடங்கவில்லை, 105 என்று போட்டது. பத்து வருடம், இரண்டு காலங்கள், இரண்டு வேறு மனிதர்கள், ஆனால் எண் மட்டும் தொடர்கிறது. என்னிடம் அந்த 105 இருக்கிறது, முதுகுப் பக்கம் கிழிந்து டேப் ஒட்டிய பிரதி. பெட்டியில் அதை எந்தப் பிரிவில் வைப்பது என்று எனக்குச் சந்தேகமே வந்ததில்லை, ஆனாலும் அந்த எண்ணைப் பார்க்கும்போதெல்லாம் நின்று ஒரு நிமிடம் பார்ப்பேன்.

உங்கள் பெட்டிக்கு: டேப் எதுவும் ஒட்டாதீர்கள், வெயிலில் காயப்போடாதீர்கள். ஒவ்வோர் இதழிலும் அட்டை விலை, முத்திரை, முதல் பக்கத்தின் அடியிலோ அட்டையின் உட்புறத்திலோ உள்ள பொடி எழுத்து இந்த மூன்றையும் ஃபோனில் படம் எடுத்து இங்கே போடுங்கள். ஒவ்வொன்றாகப் பார்த்துச் சொல்கிறேன்.