"எல்லாருக்கும் சரிதானே"னு கேட்டா இல்லனு எப்படிச் சொல்றது?

கேள்வி: அக்கா, நான் இலங்கையில ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து ஆபிஸ்ல கிளாக்கரா இருக்கேன். போன மாசம் மீட்டிங்ல மேல் மடுவத்த, அதாவது கொழுந்து நிறுக்கிற கொட்டகைய, மூடிட்டு எல்லாக் கொழுந்தையும் கீழ் டிவிசன்லயே நிறுக்கலாம்னு பேசினாங்க, அந்த ரோட்டுல மழைக்கு லொறி ஏறாதுனு எனக்குத் தெரியும், ஆனா தோட்ட மேனேஜர் பெரியதுரை "எல்லாருக்கும் சரிதானே"ன்னதும் எல்லாரும் தலையாட்ட நானும் ஆட்டிட்டேன். மூணாம் நாளே லொறி புதைஞ்சி கொழுந்து சாக்குலயே சூடேறி செவந்துபோச்சு. இனி வாயத் திறந்தா எதுத்துப் பேசுறவன்னு பேர் வந்துருமோ?

பதில்: தம்பி, சூடேறின சாக்குக்குள்ள கைய விட்டுப் பாத்திருக்கேன், எங்கம்மாவும் மலையில கொழுந்து எடுத்தவங்கதான். அட்டைக்கடியோட ஒரு நாள் பூரா எடுத்தது அப்பிடிப் போறதப் பாக்க வயிறெரியும், அதனால நீங்க பேசித்தான் ஆகணும்.

தனியா பேசுறதுதான் கஷ்டம். 1951ல அமெரிக்காவுல சொலமன் ஆஷ்னு ஒரு உளவியலாளர், எந்தக் கோடு சம நீளம்னு கேட்டு, சுத்தி இருந்தவங்கள வேணும்னே தப்பா சொல்ல வச்சாரு, சரியானது கண்ணுக்கு முன்னால தெரிஞ்சும் மூணுல ஒரு தடவைக்குக் கிட்ட ஆளுங்க கூட்டத்தோடயே போனாங்க. கூட ஒரே ஒருத்தர் சரியா சொன்னப்ப அப்பிடிப் போறது முன்ன இருந்ததுல கால்வாசியா கொறஞ்சிருச்சு. அந்த ஒருத்தர் உங்களுக்கு லொறி டிரைவர்தான், அந்த ரோடு அவருக்குத் தெரியாததா? மீட்டிங்குக்கு முன்னாடியே அவரோட பேசி வைங்க, அவரையும் கூப்பிடச் சொல்லுங்க.

அப்புறம் பெரியதுரைய முதல் நாளே தனியா பாருங்க, நாலு பேருக்கு முன்னால மறுத்தா அவருக்கு கௌரவப் பிரச்சினையாயிரும். "கொழுந்து கெடாம ஃபாக்டரிக்குப் போகணும்னுதான் சொல்றேன் சேர்"னு ஆரம்பிச்சி, எந்தத் தேதி லொறி நின்னிச்சு, எத்தனை கிலோ போச்சுன்னு காட்டுங்க, அந்தக் கணக்கு உங்க புத்தகத்துலதானே இருக்கு. மழை நாள்ல மட்டும் மேல் மடுவத்தத் தொறக்கலாமேன்னு மாத்து வழியும் சொல்லுங்க. 1962ல கியூபா ஏவுகணை நெருக்கடியில அமெரிக்க ஜனாதிபதி கென்னடியே, ஆலோசகர்கள் மனசு விட்டுப் பேசட்டும்னு சில கூட்டத்துக்கு வேணும்னே போகாம இருந்தாரு. துரை காது குடுக்குற ஆளா இருந்தா, நீங்க கடைசியா பேசுங்க சேர்னு பணிவா கேட்டுப் பாக்கலாம்.

முகம் சுளிக்கவே மாட்டாருன்னு நான் சொல்லல. கேட்டுட்டும் பழைய முடிவுதான்னா வேலைய ஒழுங்கா செய்யுங்க, ஆனா ரெண்டு கிழமை கழிச்சி கணக்கப் பாத்து திரும்பப் பேசுவோம்னு அன்னைக்கே சொல்லி திகதிய எழுதி வாங்கிக்கங்க.