சிவப்பு பிளாஸ்டிக் மாடல் காருக்கு மஞ்சள் அடிக்கும் முன் ப்ரைமர் கட்டாயமா?

1/24 அளவு கார், பாடி முழுக்கச் சிவப்பு பிளாஸ்டிக், மஞ்சள் லாக்கர் (கரைப்பான் கலந்த பெயிண்ட்) ஸ்ப்ரே அடிக்கப் போகிறீர்கள், இருப்பது மொரீஷியஸின் ஈரமான மேட்டு ஊரான கியூர்பிப்பில். நிறத்துக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சான ப்ரைமருக்குத் தனியாகச் செலவு செய்யணுமா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் காருக்குக் கட்டாயம் வேண்டும்.

வெள்ளை பிளாஸ்டிக்காக இருந்தால் ப்ரைமர் இல்லாமலும் சமாளிக்கலாம். லாக்கரில் உள்ள கரைப்பான் பிளாஸ்டிக்கின் மேல்பரப்பைக் கொஞ்சம் இளக்கி, தானே பிடித்துக்கொள்ளும். தண்ணீர் கலந்து அடிக்கும் அக்ரிலிக்குக்கு அந்தப் பிடி இல்லை. மாஸ்கிங் டேப்பை உரித்தால் பெயிண்ட்டும் கூடவே வந்துவிடும்.

சிவப்பில் தொல்லையே வேறு. பிளாஸ்டிக்கில் கலந்திருக்கும் சாயம் கரைப்பான் பட்டதும் கரைந்து மேலே ஏறும். அடித்த அன்று மஞ்சள் பளிச்சென்று இருக்கும். நாளாக ஆக ஆரஞ்சு ஓடும். வெள்ளை ப்ரைமரை மட்டும் நம்பினால் அதுவே இளஞ்சிவப்பாகிவிடலாம். அதனால் முதலில் சாம்பல் ப்ரைமர், அதன்மேல் மெல்லிசாக சில்வர் லாக்கர், பிறகு வெள்ளை ப்ரைமர், கடைசியில் மஞ்சள். சில்வரில் இருக்கும் அலுமினியத் துகள்கள் தட்டையாக ஒன்றன்மேல் ஒன்று படிந்து, ஓடு வேய்ந்த மாதிரி சாயத்தை மறித்துவிடும். பாகங்கள் கோத்திருக்கும் பிளாஸ்டிக் சட்டத்தில் ஒரு துண்டு வெட்டி, இதே வரிசையில் அடித்து நாலைந்து நாள் வைத்துப் பாருங்கள். நிறம் மாறவில்லை என்றால் தைரியமாகக் காரில் கை வைக்கலாம்.

சாம்பலை முதலில் அடிக்கச் சொல்வதற்கு இன்னொரு காரணம், குறை எல்லாம் அதில்தான் தெரியும். முன் சக்கரத்துக்கு மேலே உள்ள வளைவில் நகத்தை ஓட்டிப் பாருங்கள், மெல்லிய வரப்பு ஒன்று தட்டும். அச்சின் இரு பாதிகள் சேர்ந்த இடம் அது. பளபளக்கும் சிவப்பில் கண்ணுக்குத் தெரியாது. சாம்பல் அடித்ததும் கோடு போட்ட மாதிரி எழுந்து நிற்கும். 800, 1000 நம்பர் சாண்ட் பேப்பரைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்துவிட்டு, அந்த இடத்துக்கு மட்டும் மறுபடி ப்ரைமர் போடுங்கள்.

அடிப்பதற்கு முன் பாத்திரம் கழுவும் சோப்பும் பழைய டூத் பிரஷ்ஷும் கொண்டு பாடியைக் கழுவி, ஒருநாள் உலரவிடுங்கள். அச்சிலிருந்து ஒட்டிவந்த எண்ணெய்ப் பசை இருந்தால் ப்ரைமர் அந்த இடத்தில் விலகி, மீன் கண் மாதிரி வட்டம் விழும். கதவு, பானெட் கோடுகளை இப்போதே லேசாகக் கீறி ஆழமாக்குங்கள். நான்கு அடுக்கு பெயிண்ட் ஏறப்போகிறது, இல்லாவிட்டால் கோடு தூர்ந்துபோகும். கேனைக் கை பொறுக்கும் வெந்நீரில் ஐந்து நிமிடம் வைத்து, நன்றாகக் குலுக்கி, 20 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து, ஸ்ப்ரேயைக் காரின் ஓரத்துக்கு வெளியே தொடங்கி, மறு ஓரத்தைத் தாண்டி முடியுங்கள். முதல் பூச்சில் சிவப்பு தெரிந்தால் தெரியட்டும். ஒரே பூச்சில் மூட நினைத்தால்தான் வழியும். பத்துப் பதினைந்து நிமிட இடைவெளியில் இரண்டு மூன்று மெல்லிய பூச்சு போதும்.

கியூர்பிப் ஈரத்தை மட்டும் லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கரைப்பான் ஆவியாகும்போது பரப்பு குளிரும், காற்றில் உள்ள ஈரம் அதன்மேல் படியும், பெயிண்ட் பால் ஊற்றினதுபோல் வெளுத்துவிடும். தூறலோ மூடுபனியோ இருந்தால் அன்றைக்கு விட்டுவிடுங்கள். ஈரம் குறைவான போர்ட் லூயி பக்கம் உறவினர் வீடு இருந்தால் அங்கே கொண்டுபோய் அடிப்பது இன்னும் நல்லது. காற்று அடிக்கும் இடமும் ஆகாது. துளி வழியிலேயே காய்ந்து, மணல் தூவின மாதிரி சொரசொரப்பாகும்.

ஜப்பானிய மாடல் நிறுவனமான தாமியாவின் 180 மில்லி சர்ஃபேஸ் ப்ரைமர் கேன் இந்த பிளாஸ்டிக்குக்கு ஏற்றது. அதைப் பக்கத்துத் தீவான ரியூனியனிலிருந்து வருகிறவர்களிடம் கொண்டுவரச் சொல்லாதீர்கள். ஸ்ப்ரே பெயிண்ட்டை விமானத்தில் விடமாட்டார்கள். நிஜக் காருக்கு அடிக்கும் ப்ரைமர் பெயிண்ட் கடையில் மலிவாகக் கிடைக்கும்தான், ஆனால் சிலவற்றின் கரைப்பான் கடுமையானது, பிளாஸ்டிக்கில் மெல்லிய விரிசல்கள் விழுந்துவிடும். வாங்கினால் முதலில் அந்தச் சட்டத் துண்டில் அடித்துப் பாருங்கள்.

கண்ணாடிப் பாகங்களுக்கு ப்ரைமர் வேண்டாம். குரோம் பாகங்களுக்கு வேறு நிறம் அடிப்பதானால், ழாவெல் தண்ணீரில் (துணி வெளுக்கும் ப்ளீச்) ஊறப்போட்டுக் குரோமை எடுத்துவிட்டு, நன்றாகக் கழுவிக் காயவைத்த பிறகு ப்ரைமர் போடுங்கள்.

ப்ரைமர் அடித்த பிறகு ஒருநாள் முழுக்கக் காயட்டும். மறுநாள் பாடியை மூக்கருகே வைத்துப் பாருங்கள். பெயிண்ட் வாசனை இன்னும் வந்தால் உள்ளே காயவில்லை. சாண்ட் பேப்பரை எடுக்காதீர்கள்.