மேகத்தின் வகையைப் பார்த்து மழை வருமா என்று சொல்ல முடியுமா?

ஓரளவு சொல்லலாம். ஆனால் கறுத்தால் மழை, வெளுத்தால் இல்லை என்ற கணக்கை நம்பாதீர்கள். நீங்கள் மொட்டைமாடியில் வற்றல் காயப்போட்டுவிட்டு இதைக் கேட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நான் அந்தக் கணக்கை நம்பிக் களம் நிறைய நெல்லை நனையவிட்டவன்.

திருவாரூர்ப் பக்கம் குறுவை அறுவடை முடிந்த ஒரு புரட்டாசி மாதம் அது. கொள்முதல் நிலையத்தில் வரிசை நகராததால் மூன்றாம் நாளாக நெல் களத்திலேயே கிடந்தது. பிற்பகலில் மேற்கே ஒரு திரள் மேகம் காலிஃபிளவரைப் போலப் புடைத்து எழுந்தது. காலையில் பஞ்சுப் பொதிகளாக மிதக்கும் திரள் மேகங்கள் உயர்ந்து வளராதவரை மழை தருவதில்லை என்பதால், வெள்ளை வெளேரென்றிருந்த அதையும் அவற்றில் ஒன்றாக எண்ணி நான் பொருட்படுத்தவில்லை. சிறிது நேரத்தில் அதன் விளிம்பு மங்கி, உச்சி கொல்லன் பட்டடையைப் போலத் தட்டையாக விரிந்தது.

“தலை விரிஞ்சிடுச்சு, நெல்லை வாருப்பா” என்றார் சித்தப்பா. வெள்ளை மேகம் என்ன செய்துவிடும் என்று கேட்டுவிட்டுக் கடைத்தெருவுக்குப் போனேன். திரும்புகையில் மண்வாசனையோடு குளிர்காற்று முகத்தில் அடித்தது. படுதாவை விரிப்பதற்குள் முக்கால் களம் நனைந்துவிட்டது.

அது கார்திரள் மேகம். நம் பகுதியில் அது 15 கிலோமீட்டருக்கு மேலும் வளரக்கூடியது. வளிமண்டலத்தின் கீழடுக்கான அடிவளிமண்டலத்தின் மேல் எல்லையை எட்டும் காற்று அதற்கு மேல் ஏற முடியாமல் பக்கவாட்டில் பரவுவதால் தலை விரிகிறது. உச்சியிலுள்ள நீர்த்துளிகள் பனிப்படிகங்களாக உறைவதால் விளிம்பு மங்குகிறது. வெயில் ஊடுருவ முடியாத தடிமன்தான் கறுப்பாகத் தெரிகிறது. ஆகையால் ஒரே மேகம் அடியில் நிற்பவருக்குக் கறுப்பாகவும், தொலைவிலிருந்து வெயில் படும் பக்கத்தைப் பார்ப்பவருக்கு வெள்ளையாகவும் இருக்கும்.

ஐப்பசியில் சூரியன் இருக்கும் இடமே தெரியாமல் வானம் முழுவதும் சாம்பல் நிறமாக மூடிக்கொண்டால், அது கார்படை மேகம். பெரும்பாலும் இடியில்லாமல் மணிக்கணக்கில் பெய்யும். மிக உயரத்தில் இறகிழைகளாகத் தெரியும் கீற்று மேகத்தின் மழை தரையை எட்டாது.

செயலி இருக்க இதெல்லாம் எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். காரைக்கால் ராடாரைவிட என் கண் கூர்மையானது என்று நான் சொல்லவில்லை. வானிலை படிக்காதவன் பேசலாமா என்பவர்களுக்கு ஒன்று: மேகங்களை 1802இல் லண்டனில் வகைப்படுத்திப் பெயரிட்ட லூக் ஹோவர்டும் மருந்துத் தயாரிப்புத் தொழிலில் இருந்தவர்தான்.

மூன்று நாள் காக்கவைத்த அதே கொள்முதல் நிலையம், ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டிவிட்டதென்று நெல்லைத் திருப்பியனுப்பியது. சித்தப்பா ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து, நெல்லை மீண்டும் பரப்பிக்கொண்டிருந்தபோது மேற்கே பார்த்து, “இன்னிக்கும் வெள்ளையாத்தான் இருக்கு” என்றார்.